நெய் மஞ்சளா, மணல் மஞ்சளா?

கேள்வி: எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட இருக்கிறது. அப்பா கட்டின பழைய வீடு. கிழக்குப் பார்த்த வாசல், சிவப்புச் சீமெந்து நிலம். ஆவணியில் தங்கச்சிக்குக் கல்யாணம் என்பதால் ஹோலுக்கு பெயின்ட் அடிக்கப் போகிறோம். இப்போது இருப்பது வெளிர் நீல டிஸ்டெம்பர். கடையில் இரண்டு கலர் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று உருக்கின நெய் மாதிரி, மஞ்சள் கூடினது. அட்டையின் பின்னால் எல்.ஆர்.வி. 71 என்று போட்டிருக்கிறது. மற்றது மணல் மாதிரி, மஞ்சள் அடங்கினது, அதில் 62. அம்மா மங்களமாக இருக்க வேண்டும், நெய் மஞ்சள்தான் என்கிறார். அண்ணா மணல் நிறம் என்கிறார். பெயின்ட் அடிக்கிறவர் இரண்டையும் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் பூசிக் காட்டினார். காலையில் பார்த்தால் இரண்டும் அழகு, இரவில் பார்த்தால் இரண்டுமே பிடிக்கவில்லை. இன்டர்நெட்டில் வடக்குப் பக்க அறைக்கு மஞ்சள் நல்லது என்று வாசித்தேன். எங்கள் ஹோலுக்கு வடக்கிலும் ஒரு யன்னல் உண்டு, வெளியே மாமரம் நிற்கிறது. ஹோல் 18க்கு 14 அடி, உயரம் 10 அடி. எதை எடுக்கலாம்? இரண்டையும் கலந்தால் என்ன?

பதில்: வணக்கம் சகோதரி. விடையை முதலே சொல்லிவிடுகிறேன். ஹோலுக்கு மணல் நிறம். அம்மா ஆசைப்படும் நெய் மஞ்சளுக்கும் உங்கள் வீட்டில் நல்ல இடம் ஒன்று இருக்கும், அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் பெயின்ட் கடைக்குப் போவதற்கு முன்னால் ஹோலில் உள்ள பல்புகளை மாற்றுங்கள். இரவில் இரண்டுமே பிடிக்காமல் போனதற்கு முக்கிய காரணம் பெரும்பாலும் அதுதான்.

நம்முடைய வீடுகளில் பெரும்பாலும் எரிவது 6500 கெல்வின் எல்.ஈ.டி. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற எண்; குறைந்தால் மஞ்சள், கூடினால் நீல வெள்ளை. பெட்டியில் 'டேலைட்' என்று போட்டிருப்பார்கள். பளிச்சென்று வெளிச்சம் தரும், அதனால்தான் வாங்குகிறோம். ஆனால் அந்த வெளிச்சத்தில் நீலம் கூட, சிவப்புப் பங்கு குறைவு. மஞ்சள் கலந்த சுவரில் அது விழுந்தால் நெய் மஞ்சள் எலுமிச்சைத் தோல் பக்கம் போய்விடும், மணல் நிறம் சாம்பல் தட்டிப்போகும். இரண்டையும் அதே பல்பின் கீழ் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரும் முகம் சுளித்திருப்பீர்கள். 3000 கெல்வின் பல்ப் இரண்டு வாங்கிப் போட்டு, அதே பூச்சை இரவு எட்டு மணிக்குத் திரும்பப் பாருங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. 90 என்று போட்டது கிடைத்தால் இன்னும் நல்லது; நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான எண் அது, 100 உச்சம். அம்மாவுக்கு வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தால் 4000 கெல்வினுக்குப் போகலாம், அதற்கு மேல் வேண்டாம். ஒரே அறையில் ஒன்று மஞ்சள் வெளிச்சம், ஒன்று வெள்ளை வெளிச்சம் என்று கலந்து மட்டும் போடாதீர்கள். ஒரே சுவர் இரண்டு நிறமாகத் தெரியும்.

திருகோணமலையில் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டிப் பொழுது பட்டுவிடுகிறது. வீட்டில் எல்லோரும் ஒன்றாக ஹோலில் இருக்கிற நேரம் அதற்குப் பிறகுதான். ஆகவே அந்த அறையின் நிறத்தை முடிவுசெய்வதில் சூரியனைவிட பல்புக்குப் பங்கு கூட என்றே நான் நினைக்கிறேன்.

இனி அந்தச் சுவரில் பூசிப் பார்த்த விஷயம். பெயின்ட் அடிக்கிறவர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார், ஆனால் அந்தப் பூச்சு உங்களுக்கு உண்மையைச் சொல்லாது. சுற்றிவர வெளிர் நீலம். நீலத்துக்கு நடுவில் எந்த மஞ்சளை வைத்தாலும் அது இருப்பதைவிடக் கூடுதல் மஞ்சளாகத் தெரியும். போதாததற்கு நெய் மஞ்சளுக்குப் பக்கத்தில் மணல் நிறம் நிற்கிறது. தனியாக நின்றால் இதமாகத் தெரிகிற நிறம், அவ்வளவு மஞ்சளுக்குப் பக்கத்தில் வெளிறி, அழுக்கேறினது போலத் தெரியும். அம்மா அதைப் பார்த்து வேண்டாம் என்றிருந்தால் அது அவருடைய பிழை இல்லை. பாரிஸில் கொபெலின் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த செவ்ரோல் என்ற இரசாயனவியலாளரிடம், கறுப்பு நூலின் சாயம் சரியில்லை என்று முறைப்பாடு வந்தது. சாயத்தைச் சோதித்துப் பார்த்தவர், குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டுகின்றன என்று கண்டார். 1839 இல் அதை விளக்கி எழுதினார். நிறத்தோடு வேலை செய்கிற எல்லோரும் இன்றைக்கும் அந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறோம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் சிறிய சாம்பிள் டின் வாங்குங்கள். இரண்டடிக்கு மூன்றடி ஹார்ட்போர்ட் பலகை நாலு எடுத்து, முதலில் வெள்ளை அடித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு பலகை வீதம், இரண்டு கோட் பூசி நன்றாகக் காய விடுங்கள். எமல்ஷன், அதாவது தண்ணீரில் கலக்கிற சுவர்ப் பெயின்ட், ஈரத்தில் ஒரு மாதிரி, காய்ந்தபிறகு ஒரு மாதிரி; பெரும்பாலும் காய்ந்தால் கொஞ்சம் கருக்கும். பிறகு ஒரே நிறத்துப் பலகை இரண்டையும் ஹோலின் மூலையில், புத்தகத்தைத் திறந்து நிறுத்தின மாதிரி ஒன்றோடொன்று முட்ட வையுங்கள். அந்த இரண்டும் சந்திக்கிற மடிப்புக்குள் பாருங்கள். பலகையின் வெளி விளிம்பைவிட உள்ளே மஞ்சள் கூடித் தெரியும். நாலு சுவருக்கும் அடித்த பிறகு உங்கள் ஹோல் முழுக்க அந்த மடிப்புக்குள் தெரிகிற நிறத்தை நோக்கித்தான் போகும், அட்டையில் உள்ளதை நோக்கி அல்ல.

காரணம் எளிது. மஞ்சள் நிறமி வெளிச்சத்தில் உள்ள நீலத்தை உறிஞ்சுகிறது. ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச்சுவருக்குப் போகும்போது நீலம் குறைந்துதான் போகிறது. அங்கே பட்டுத் திரும்பும்போது இன்னும் குறைகிறது. இப்படித் தெறித்துத் தெறித்து அறைக்குள் மஞ்சள் ஏறிக்கொண்டே போகும். எந்த நிறத்துக்கும் இது கொஞ்சம் நடக்கும், ஆனால் மஞ்சளில்தான் ஆட்கள் ஏமாந்துபோவது அதிகம். அட்டையில் வெண்ணெய் மாதிரி இருந்தது வீட்டில் பூசினபிறகு மாம்பழமாக நிற்கிறது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். மணல் நிறத்தில் மஞ்சள் அடங்கி இருப்பதால் அது ஏறினாலும் உங்களுக்குப் பிடித்த அளவில் வந்து நிற்கும். சொல்லப்போனால், அம்மா மனதில் வைத்திருக்கிற இதமான மஞ்சள், நாலு சுவரிலும் மணல் நிறம் அடித்த பிறகுதான் ஹோலுக்குள் வரும். இதை அம்மாவுக்கு வாயால் சொல்ல வேண்டாம். மூலையில் பலகையை வைத்துக் காட்டுங்கள், நெய் மஞ்சளை ஒரு நாள், மணலை மறுநாள். இரண்டையும் ஒரே நேரத்தில் கண்முன் வைக்கக்கூடாது.

எல்.ஆர்.வி. 71, 62 என்ற எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. சுவரில் படுகிற வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டுகிற எண் அது. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. 71 வெளிச்சம் கூடினது, அவ்வளவுதான். அதில் எவ்வளவு மஞ்சள் இருக்கிறது என்று அந்த எண் சொல்லாது. கிழக்கில் வாசலும் வடக்கில் யன்னலும் உள்ள ஹோலுக்கு 62 தாராளம், இருட்டிப்போகும் என்று பயப்பட வேண்டாம்.

இன்டர்நெட்டில் வாசித்த வடக்கு அறை விஷயத்துக்கு வருகிறேன். அது இங்கிலாந்து, வட அமெரிக்கா மாதிரி நாடுகளுக்கு எழுதினது. அங்கே சூரியன் நண்பகலில் எப்போதும் தெற்கில் நிற்கும், வடக்கு யன்னலுக்குக் குளிர்ந்த நீல வெளிச்சம்தான் வரும், அதனால் மஞ்சள் அடித்து ஈடு செய்கிறார்கள். திருகோணமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, பிறகு ஆவணி நடு வரைக்கும் நண்பகலில் வடக்குப் பக்கமாகத்தான் நிற்கிறது. அதாவது உங்கள் வடக்கு யன்னல் இந்த மாதங்களில் வெயில் பக்க யன்னல். மார்கழியில் அதே யன்னல் நிழல் பக்கம். அந்த ஊர்ச் சட்டத்தை எடுத்து இங்கே சுவருக்கு நிறம் தெரிவு செய்தால் சரி வராது. உங்கள் யன்னலுக்குச் சூரியனைவிட மாமரம்தான் பெரிய விஷயம். இலைகளில் பட்டு வருகிற வெளிச்சம் பச்சை தட்டியிருக்கும். அந்த யன்னலை ஒட்டின சுவரில் நெய் மஞ்சள் அடித்தால், பகலில் அந்த மூலை மட்டும் பிஞ்சு எலுமிச்சை நிறமாகத் தெரிய வாய்ப்பிருக்கிறது. பலகையை அங்கேயும் ஒரு தரம் வைத்துப் பாருங்கள்.

கிழக்கு வாசலால் காலையில் கடல் பக்க வெயில் நேரே உள்ளே வந்து சிவப்பு நிலத்தில் விழும். நிலத்தில் பட்ட வெளிச்சம் சுவரின் கீழ்ப் பகுதியில் ஏறும். முழங்காலிலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் சுவர் கொஞ்சம் செம்மஞ்சளாகத் தெரியும். மணல் நிறத்தில் இது அழகு. நெய் மஞ்சளில் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம் என்று பிரிந்து தெரியும். சிவப்புச் சீமெந்து நிலத்தை மாற்றி டைல் போடும் யோசனை யாருக்காவது இருந்தால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படியான நிலத்தை இன்றைக்குக் காசு கொடுத்தாலும் அந்த வழுவழுப்பில் போட்டுத்தர ஆள் கிடைப்பது கஷ்டம்.

மணல் நிறத்துக்கும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக்கூடாது. பிற்பகலில் சூரியன் வீட்டுக்குப் பின்னால் போய்விட்டால், ஹோலுக்குக் கடல் பக்க வானத்து நீல வெளிச்சம்தான் மிச்சம். மூன்று மணியிலிருந்து விளக்குப் போடும் வரைக்கும் மணல் நிறம் கொஞ்சம் சோர்ந்து தெரியும். வாடைக்காற்றோடு மழை இருட்டிக்கொண்டு நிற்கிற கார்த்திகை, மார்கழியில் நாள் முழுக்கவே அப்படித்தான். அந்த நேரத்தில் 3000 கெல்வின் விளக்கு ஒன்றை மூலையில் போட்டால் போதும். அண்ணாவிடம் இதையும் சொல்லிவையுங்கள், பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்கக்கூடாது.

கடையில் ஒரு வேலை இருக்கிறது. மெஷினில் நிறம் கலந்து தரும்போது டின்னில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், எந்தச் சாயம் எவ்வளவு விட்டது என்று அதில் இருக்கும். குறியீடு கம்பனிக்குக் கம்பனி வேறு, ஆகவே கலக்கிறவரிடமே கேளுங்கள். மஞ்சளோடு கறுப்பு மட்டும் சேர்த்திருந்தால் அந்த மணல் நிறம் பச்சைப் பக்கம் சாயும். கொஞ்சம் சிவப்பு ஒக்சைட் சேர்ந்திருந்தால் பாதாம் பக்கம் சாயும். உங்கள் ஹோலில் மாமரத்துப் பச்சை ஏற்கெனவே இருப்பதால் இரண்டாவது வகைதான் நல்லது. இன்னொன்று, மஞ்சளுக்கு இரும்பு ஒக்சைட் சாயமா என்று கேளுங்கள். அது வெயிலுக்கும் சீமெந்தின் காரத்துக்கும் வெளிறாமல் நிற்கும். பளிச்சென்ற மஞ்சளுக்குப் போடுகிற சில சாயங்கள் அப்படி நிற்காது. இதிலும் மணல் நிறத்துக்குத்தான் சாதகம், அடங்கின மஞ்சளைப் பெரும்பாலும் ஒக்சைட்டை வைத்துத்தான் எடுக்கிறார்கள்.

இரண்டையும் கலக்கலாமா என்று கேட்டீர்கள். கலக்கலாம், நிறமும் மோசமாக வராது. ஆனால் அடுத்த வருடம் ஒரு மூலையில் கீறல் விழுந்தால் அதே நிறத்தைத் திரும்ப எடுக்க முடியாது. மணல் நிறம் பலகையில் உங்களுக்குக் கனத்துத் தெரிந்தால், அதே கலவையில் முக்கால் பங்கு சாயம் விட்டுத் தரச் சொல்லுங்கள். அது ஸ்டிக்கரில் பதிவாகும்.

சீலிங் வெள்ளையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. பளீர் வெள்ளையில் நீலச் சாயல் இருக்கும். அதற்குக் கீழே எந்த மணல் நிறமும் பழசாகத் தெரியும். சீலிங்குக்கும் யன்னல் சட்டங்களுக்கும் கொஞ்சம் பால் தட்டின வெள்ளையாக எடுங்கள். கதவுகள் வார்னிஷ் மரம் என்றால் அப்படியே விடுங்கள்.

நிறத்தைவிட எனக்குக் கவலை அந்தப் பழைய டிஸ்டெம்பர்தான். கையால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளைப் பொடி ஒட்டினால் அதன்மேல் எமல்ஷன் நிற்காது. ஒரு மழைக்காலம் போதும், தோல் தோலாக உரிந்துவிடும். முழுவதும் சுரண்டி, கழுவி, காயவிட்டு, காரத்தைத் தாங்குகிற பிரைமர் ஒரு கோட் அடித்த பிறகுதான் நிறம். உப்புவெளிப் பக்கம் பழைய வீடுகளில் சுவரின் கீழ்ப்பகுதியில் உப்புப் பூப்பது உண்டு. அப்படி இருந்தால் அதன்மேல் பெயின்ட் அடித்து மறைக்க வேண்டாம். ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று மேசனிடம் காட்டுங்கள், தேவையானால் அந்த இடத்துப் பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசட்டும். புதுச் சீமெந்துப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் காய விட வேண்டும். ஆவணிக்கு முன் முடிக்க நினைத்தால் இந்த வேலையை இந்த வாரமே தொடங்குவது நல்லது.

ஆனி, ஆடி என்றால் தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசுகிற காலம். நடுப்பகலில் கதவு யன்னலைத் திறந்துவைத்து அடித்தால் பெயின்ட் றோலரிலேயே காயத் தொடங்கிவிடும், பூசின பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின அடையாளம் பிறகு மறையாது. காலை பத்து மணிக்கு முன்னரும் நாலு மணிக்குப் பின்னரும் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு சுவரைத் தொடங்கினால் மூலை வரைக்கும் முடித்துவிட்டுத்தான் தேநீருக்குப் போக வேண்டும்.

அளவைப் பார்த்தால், உங்கள் ஹோலில் கதவு யன்னல் போக ஏறத்தாழ 540 சதுர அடி சுவர், 50 சதுர மீற்றர். ஒரு லீற்றர் ஒரு கோட்டுக்கு 10 முதல் 12 சதுர மீற்றர் பிடிக்கும் என்று வைத்தால், இரண்டு கோட்டுக்கு 10 லீற்றர் வாளி ஒன்று சரியாக இருக்கும். முழுவதையும் ஒரே நாளில் கலந்து வாங்குங்கள். 4 லீற்றர் டின்களாக எடுத்தால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டு அடிக்க வேண்டும். பழைய சுவர் மேடும் பள்ளமுமாக இருந்தால் மட் பூச்சுத்தான், பளபளப்பு எல்லாக் குறையையும் எடுத்துக் காட்டிவிடும்.

இனி அம்மாவின் நெய் மஞ்சள். சுவாமி அறைக்கு அடியுங்கள். சின்ன அறை, யன்னல் இருந்தாலும் சின்னதாகத்தான் இருக்கும், அங்கே சூரியன் செய்கிற குழப்பம் எதுவும் இல்லை. மஞ்சள் ஏறினால் ஏறட்டும், அந்த அறைக்கு அது வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் மணல் நிறம் மங்கி நிற்கும், நெய் மஞ்சள்தான் ஒளி விடும். அந்த அறைக்கு மட்டும் மட் வேண்டாம், கழுவக்கூடிய சில்க் வகை எடுங்கள், கற்பூரப் புகையை ஈரத் துணியால் துடைக்கலாம். 4 லீற்றர் டின் ஒன்று போதும், மிச்சமும் வரும். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் ஹோலில் இருந்துவிட்டு சுவாமி அறைக்குள் கும்பிடப் போவார்கள். ஹோல் அடங்கி இருந்தால்தான் அந்த அறையின் மஞ்சள் எடுபடும். அம்மா கேட்ட மங்களம் அங்கே குறைவில்லாமல் இருக்கும்.

வேலை முடிந்ததும் இரண்டு நிறத்திலும் மிஞ்சினதைக் காற்றுப் புகாத சின்னப் போத்தலில் நிரப்பி, ஸ்டிக்கரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டின்னிலேயே விட்டால் கடற்காற்றுக்கு மூடி துருப்பிடித்து உள்ளே விழும்.